பதிமூன்று தட்டில் வந்த கம்ப்யூட்டர்

உங்கள் சடங்குக்கு என்னென்ன சீர் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நம் வயதுப் பெண்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியோ அங்கே வந்துவிடுகிறது. ஒருத்திக்குக் கல் வைத்த கம்மல். ஒருத்திக்குக் கண்ணாடி பீரோ. ஒருத்திக்குத் தையல் மிஷின். என் முறை வரும்போது கொஞ்சம் தயங்கிவிட்டு, விரல் விட்டுச் சொல்லத் தொடங்குவேன். முதல் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பூ. இரண்டாவதில் அரக்கு நிறப் பட்டுப் பாவாடையும் வளையலும். மூன்றாவதில் மதர்போர்டு.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மிச்சத்தையும் சொல்லிவிடுவேன். ப்ராசஸர், மெமரி, ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, சிடி டிரைவ், கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர். மொத்தம் பதிமூன்று தட்டு. மெமரி என்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு பட்டை. அதை மட்டும் பெரிய தாம்பாளத்தில் வைத்தால் தட்டு வெறிச்சென்று தெரியும் என்று பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தார்கள்.

இந்த நூற்றாண்டு பிறந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த நேரம். நாங்கள் சித்தூரில் இருந்தோம். நைனா, அதாவது அப்பா, ஒரு ஜூஸ் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தார். ஜூஸ் என்றால் மாம்பழக் கூழ்தான். மே மாதம் பிறந்ததும் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். ஊரே பழுத்து அழுகிய வாசனையில் கிடக்கும். நைனாவின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் கொடியில் எறும்பு ஏறும். எறும்பு நமக்குப் பின்னால் வேண்டியிருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். அந்த வருடம் அவருக்குக் குவைத் போகும் வாய்ப்பு வந்தது. ஏஜென்டுக்கு பயோடேட்டாவை ஈமெயிலில் அனுப்ப வேண்டும் என்றார்கள். மாமா தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் தெலுங்கு, கம்ப்யூட்டர் என்றால் இங்கிலீஷ். அதனால் எட்டாவது முடித்திருந்த என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டருக்குப் போனார்.

ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அங்கே விடமாட்டார்கள். பயோடேட்டா இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தில் நெட் சென்டர்காரர் ஒரு கார் ரேஸைத் திறந்துவிட்டார். நான் அதற்கு முன் சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டியதில்லை. திரையில் கடற்கரைச் சாலை, பனைமரம், எனக்கென்று ஒரு சிவப்புக் கார். ஆனால் கார் ஓடவில்லை, தவளை மாதிரி தாவியது. திருப்பத்துக்கு முன்னால் ஒரு படம், திருப்பம் தாண்டி ஒரு படம். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது.

"இன்னா மாமா, இப்படி குதிக்குது?"

"ரோட்டு சரியில்ல போல" என்றார் மாமா, மிகத் தீவிரமாக.

நெட் சென்டர்காரர் சிரித்துவிட்டார். "இதுல கிராஃபிக்ஸ் கார்டு லேது சார். அது இருந்தா வெண்ணெய் மாதிரி போகும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு சொல்தான். மாமாவுக்கு ஏஜென்டிடமிருந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க ஞாயிறு தவறாமல் போனோம். ஒவ்வொரு முறையும் மிச்ச நேரத்தில் தாவும் காரை ஓட்டினேன். பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் கிடைத்தன. அட்டை கிழிந்தவை. அவற்றைப் படித்து, லாங் சைஸ் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பட்டியல் எழுதினேன். எந்த ப்ராசஸருக்கு எந்த போர்டு, எந்த போர்டில் எந்தக் கார்டு பொருந்தும், எதை வாங்கினால் எதை வாங்க முடியாது. வாங்கப்போவதில்லை என்று தெரியும். கோலப் புத்தகம் வைத்திருக்கும் எல்லோரும் எல்லாக் கோலத்தையுமா போடுகிறார்கள்?

அந்த மே மாதக் கடைசியில்தான் நான் பெரியவளானேன். பதினாறு நாள் வீட்டின் பின் அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், வாசலுக்குக் குறுக்கே உலக்கை. வேளாவேளைக்கு நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்துக் களி. எதையும் தொடக் கூடாது. நோட்டை மட்டும் அம்மா உள்ளே விட்டார். படிக்கிற பிள்ளை என்று நினைத்திருப்பார்.

மாமா வந்து உலக்கைக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரக் கூடாது என்பதால் கூச்சத்தோடு நிலைப்படியைப் பார்த்துப் பேசினார்.

"பாப்பா, மாமன் சீரு செய்யணும். விசா வந்துட்சி. நீ தலைக்கு தண்ணி ஊத்தன அஞ்சாம் நாளு எனக்கு ஃபிளைட்டு. இன்னா வோணும் சொல்லு. செயினா, கொலுசா?"

நான் நோட்டை உலக்கைக்குக் கீழே தள்ளினேன்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் அன்று நடந்த சண்டை முழுவதும் எனக்குக் கேட்டது.

"தங்கம் இல்லாம சீரு வெச்சா அண்ணி இன்னா பேசுவாங்கன்னு தெரியுமா உனக்கு? அவங்க பொண்ணுக்கு அவங்க தம்பி பதினோரு தட்டு வெச்சாரு. அதையே இன்னிக்கி வரைக்கும் சொல்லிகினு கீறாங்க."

அண்ணி என்றது நைனாவின் அக்காவை, என் அத்தையை. அந்தப் பதினோரு தட்டை வைத்த தம்பி வேறு யாருமல்ல, நைனாதான். அதனால் நைனாவால் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேச முடியவில்லை. "சீரு உங்க ஊட்டு விசயம்" என்று சொல்லிவிட்டு பாய்லருக்குப் போய்விட்டார்.

மாமா நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அக்கா, இதுல எத்தினி ஐட்டம் கீது பாரு" என்றார். "பதினொண்ணு. மஞ்சக் குங்குமம் ஒண்ணு, துணி ஒண்ணு. பதிமூணு தட்டு. உங்க அண்ணிய எண்ணிப் பாத்துக்க சொல்லு."

அந்தக் கணக்கில்தான் அம்மா விழுந்தார். பதினொன்றைவிட இரண்டு கூட, அதுவும் ஒற்றைப்படை.

மாமா திருப்பதிக்குப் போய் வாங்கி வர வேண்டும். நான் கூடப் போக முடியாது. அதனால் பட்டியலைத் திருத்தி எழுதினேன். பொருளின் பெயர் இங்கிலீஷில். அதற்கு நேரே, கடைக்காரர் என்ன சொல்வார், மாமா என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது தெலுங்கு எழுத்தில். கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேரே மட்டும் ஆறு வரி. 'போர்டிலேயே படம் வரும், கார்டு எதற்கு என்பார். வேண்டும் என்று சொல்லவும். வேறு கார்டு இருக்கிறது என்பார். வேண்டாம் என்று சொல்லவும்.' அதைக் கடையில் நின்று மாமா ஒரு வரி விடாமல் கடைக்காரருக்குச் சத்தமாகவே படித்துக் காட்டியிருக்கிறார், அவர் சொல்வதையும் சேர்த்து.

கடைக்காரர் எல்லாவற்றையும் தானே மாட்டி, ஓட்டிக் காட்டித் தருவதாகச் சொன்னாராம். கடைகளில் அதுதான் வழக்கம், அதற்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை. மாமா வேண்டாம் என்றுவிட்டார்.

"ஏன் மாமா?" என்று உலக்கைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"ஒண்ணா மாட்டினா பொட்டி ஒண்ணு, டிவி ஒண்ணு, தட்டச்சு ஒண்ணு. நாலு தட்டு வந்தா பெருசு. நான் பதிமூணு சொல்லிட்டனே!"

அப்படித்தான் நான் ஒரு கம்ப்யூட்டரை என் கையால் மாட்டும்படி ஆனது. யாரும் என் திறமையை நம்பி அல்ல, தட்டு குறையக் கூடாது என்பதால். கொஞ்ச நாள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அத்தனை டப்பாவையும் மாமா பஸ்ஸில் கொண்டுவந்தார். மானிட்டரை பஸ்ஸின் மேலே போட விடவில்லை. திருப்பதியில் மடியில் வைத்தவர், சந்திரகிரி, புத்தலப்பட்டு என்று ஒவ்வொரு ஊரிலும் ஏறியவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே சித்தூர் வரை வந்தாராம். இறங்கியபோது கால் மரத்துப்போய் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

பதினேழாம் நாள் பந்தல் போட்டார்கள். மேளத்தோடு தட்டுகள் தெருவைச் சுற்றி வந்தன. கேபினெட்டைத் தூக்கிய பெரியம்மாவுக்கு வழியெல்லாம் மூச்சு வாங்கியது. மானிட்டரை அண்டா மூடிமேல் வைத்து இரண்டு பேர் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கல்யாணத்துக்கு முன்பே வரதட்சணை போகிறதா என்று கேட்டார்கள்.

தட்டுகளை என் முன்னால் வரிசையாக வைத்தார்கள். நான் மாலையும் ஜடையுமாக மணையில் உட்கார்ந்திருந்தேன். பெண் வாயைத் திறக்கக் கூடாது, தலை நிமிரக் கூடாது. தலை குனிந்திருந்ததால் மதர்போர்டு தட்டு எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அத்தை வந்தார். இடுப்பில் கை வைத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பதிமூன்று. முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு ஒரு டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வெயிட்டே இல்ல? வெறும் டப்பாவ அடுக்கிட்டியா?"

"உள்ள சாமான் கீது அக்கா."

"கீதுன்னா நாலு பேரு பாக்க தொறந்து வைக்கணும். பட்டுப் பொடவைய பொட்டியிலயா வெப்பாங்க? பிரிச்சி மேலதான வெப்பாங்க?"

முறை அதுதான். டப்பாக்கள் திறந்தன. பளபளப்பான சாம்பல் உறைகளும் கிழிந்தன. கையால் தொடுவதற்கு முன், உடம்பிலிருக்கும் மின்சாரம் போக, இரும்பைத் தொட வேண்டும், ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்று நான் பத்திரிகையில் படித்து மனப்பாடம் செய்த விதிகள் ஒவ்வொன்றும் என் கண்முன்னே உடைந்தன. பெரியம்மா ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு வைத்தார். அத்தை கிராஃபிக்ஸ் கார்டைத் தலைகீழாகத் திருப்பி, "இதுல இருக்கறது தங்கமா?" என்று பல் மாதிரி வரிசையாக இருந்த மஞ்சள் கோடுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பன்னீர்ச் செம்பு சுற்றி வந்தது. மேலே தெளித்தது போக மிச்சத்தைத் தட்டுகளின் மேலும் ஒரு ஆட்டு ஆட்டினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூக்கு நுனியில் வியர்வை வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

கடைசியில் அட்சதை. முதல் கை தாய்மாமன் கை. மாமா இரண்டு கையாலும் மஞ்சள் அரிசியை அள்ளி என் தலையில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அரிசி தலையில் பட்டு, மடியில் பட்டு, தட்டுகளில் தெறித்தது.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியில் பரப்பினேன். நைனாவின் ஷேவிங் பிரஷ்ஷால் மதர்போர்டைத் துடைத்தேன். ஒன்பது அரிசி கிடைத்தது. எண்ணி ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தேன். பன்னீர் பட்டதை இரண்டு நாள் நிழலில் காய வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "சாம்பிராணி காட்டட்டுமா? தலைமுடியே காய்ஞ்சிடுது" என்றார். நல்லவேளை, கரி தீர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் மாட்டினேன். ப்ராசஸரைச் சாக்கெட்டில் வைத்தபோது அது தானாக அமர்ந்தது. அழுத்தாமலே அமரும் என்று போட்டிருந்தது, அப்படியே அமர்ந்தது. மேலே விசிறி. மெமரியின் இரண்டு பக்கத்துக் கொக்கியும் டிக், டிக். நோட்டில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். மாமா பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கேட்ட ஸ்க்ரூவை உள்ளங்கையில் நீட்டினார். கடைசியாகக் கிராஃபிக்ஸ் கார்டு. ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுசு, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் எல்லோரும் நின்றார்கள். அத்தையும் இருந்தார், விருந்து முடிந்தும் ஊருக்குப் போகாமல் இதற்காகவே தங்கியிருந்தார். ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. பிறகு ஒரு நீளமான பீப், இரண்டு குட்டைப் பீப். திரை கறுப்பாகவே இருந்தது.

மறுபடி போட்டேன். ஒரு நீளம், இரண்டு குட்டை.

"ஆரன் அடிக்குது, வண்டி வரல" என்றார் அத்தை.

போர்டோடு வந்த புத்தகத்தில் ஒரு அட்டவணை இருந்தது. இத்தனை நீளம், இத்தனை குட்டை என்றால் இன்ன கோளாறு என்று. ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. எனக்கு அட்டவணை என்றால் வேதவாக்கு. எழுந்து நின்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

"கார்டு போச்சு மாமா. கெட்டுப்போன கார்ட குடுத்துட்டாங்க."

மாமாவின் முகம் போன போக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அத்தை கேலி செய்யவில்லை, அதுதான் மோசம். "பாவம், நல்லாத்தான் தட்டு வெச்சான்" என்று நைனாவிடம் மெதுவாகச் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற அளவு மெதுவாக.

மறுநாள் மாமா திருப்பதி மலைக்குப் போவதாக இருந்தது. குவைத் போகும் முன் பெருமாளைப் பார்த்து மொட்டை போடுவதாக வேண்டுதல். காலையில் கார்டைச் சாம்பல் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் கடை, பிறகு மலை.

கடையில் கார்டை அவர்களுடைய மிஷினில் மாட்டியிருக்கிறார்கள். படம் பளிச்சென்று வந்திருக்கிறது. கடைக்காரர், "சூடண்டி, பாகுந்தி கதா" என்று, நன்றாகத்தானே இருக்கிறது என்று காட்டியிருக்கிறார். மாமா கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சித்தூர் வந்தார். நான் மாட்டினேன். ஒரு நீளம், இரண்டு குட்டை.

மாமா அதை மறுபடி கழற்றச் சொல்லி, மறுபடி திருப்பதிக்குப் போனார். இந்தத் தடவை கடை நிறைய ஆட்கள் இருந்தார்களாம். அத்தனை பேர் முன்னால், "எங்க பாப்பா பொய் சொல்லாது. டேபிளுக்குக் கீழ கார்ட மாத்திகினு படம் காட்றியா? திருட்டுக் கடை" என்று கத்தியிருக்கிறார். கடைக்காரர் மறுபடியும் மாட்டிக் காட்டியிருக்கிறார். மறுபடியும் படம். மாமா அதை நம்பவே இல்லை. ராத்திரி கார்டோடு திரும்பி வந்தார், மறுபடி மாட்டினேன், அதே பீப்.

மலைக்குப் போக நேரமில்லாமல் போயிற்று. மறுநாள் மதியம் சென்னை போகிற பஸ்ஸில் ஏறினார், தலையில் முடியோடு. ஜன்னல் வழியாக, "ஆன் ஆச்சின்னா எனக்கு சொல்லு பாப்பா" என்றார். நான் தலையாட்டினேன். அம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நான் அந்தக் கடைக்காரர் மேல் கோபமாக இருந்தேன்.

மாமா போன மறுநாள் காலை அம்மா கூப்பிட்டார்.

"ஏய், உன் பொட்டியில எறும்பு பூந்துகினு கீது பாரு. வெல்லம் எதுனா வெச்சியா?"

கேபினெட்டின் பக்கத் தகட்டை நான் இன்னும் மூடியிருக்கவில்லை. சிவப்பெறும்பு ஒற்றை வரிசையாக ஏறி, மதர்போர்டின் குறுக்கே போய், கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கார்டைக் கழற்றினேன். ஸ்லாட்டின் அடியில், மாமா போன பிறகும் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது அது. பாதி உடைந்த ஒரு மஞ்சள் அரிசி. நெய் பிசறிய அட்சதை.

பத்தாவது அரிசி. நான் ஒன்பதோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

கோலப்பொடி மாதிரி ஊதிப் பார்த்தேன், வரவில்லை. ஊக்கு முனையால் நிமிண்டி எடுத்தேன். எறும்புகளை ஊதி விரட்டினேன். கார்டை வைத்து அழுத்தினேன். இந்தத் தடவை அது இன்னும் ஒரு நூல் உள்ளே இறங்கி, டக் என்று அமர்ந்தது. அந்த ஒரு நூல் இறங்கவில்லை என்று எனக்கு மூன்று நாளாகக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டேன். ஒரே ஒரு குட்டைப் பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டின.

வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். "வந்துட்சா?" என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தவர், எழுத்துகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாமா அந்த வார வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். குவைத்திலிருந்து முதல் கால். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆன் ஆச்சா பாப்பா?"

"ஆச்சி மாமா."

"எங்க, எங்க?" என்று சம்பந்தமில்லாமல் சிரித்தார். "இன்னா கோளாறு?"

போனுக்குள் கடல் மாதிரி இரைச்சல். முதல் கை அட்சதை அவர் போட்டது. கண் கலங்கிப் போட்டது.

"நான்தான் மாமா சரியா அழுத்தல."

"அந்த ஆள நான் ரொம்ப பேசிட்டனே" என்றார். "நாலு பேரு எதிர்ல திருடன்னு சொல்லிட்டன். பாப்பா, எனக்காவ ஒரு தபா போயி சொல்லிட்டு வரியா?"

நைனா ஒரு நாள் லீவு போட்டு அழைத்துப் போனார். கடைக்காரர் நான் நினைத்தது மாதிரி குண்டாக இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தார். நைனா தெலுங்கில் தொடங்கித் திணறினார். நான் சட்டென்று பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தேன்.

"இதுதான் சார் ஸ்லாட்ல இருந்துச்சு. உங்க கார்டு நல்ல கார்டு."

அவர் கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தார். "அட்சிந்தலா! அட்சதையா!" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை. "இந்தக் கடையில நான் பல்லி முட்டை எடுத்திருக்கேன், துளசி எடுத்திருக்கேன், ஒரு லாயர் வீட்டு சிபியுல தாலிக் கயிறு எடுத்திருக்கேன். அட்சிந்தலு இதுதாம்மா ஃபஸ்ட்டு." பிறகு என்னைப் பார்த்து, "நுவ்வேனா, நீதானா அந்த பாப்பா? லிஸ்ட்டு எழுதின பாப்பா?"

தலையாட்டினேன்.

"நான் மாட்டித் தரேன், ஃப்ரீ சர்வீஸுன்னேன். உங்க மாமா இன்னா சொன்னாரு தெரியுமா? 'ஒத்து, வேணாம். மா பாப்பா மாட்டும். அதுக்கு தெரியும்.' நான் சொன்னேன், சின்னப் பொண்ணு சார், பின்னு வளைஞ்சா போச்சு. அவரு லிஸ்ட்ட நீட்டி, 'நீ சொல்லப்போறது எல்லாம் முன்னாலயே எழுதி வெச்சிருக்குது பாரு, அதுக்கு மாட்டத் தெரியாதா?'ன்னாரு."

தட்டுக் கணக்கைப் பற்றி மாமா அவரிடம் பேசவே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் என் கார் தாவவில்லை, ஓடியது. கடற்கரைச் சாலையின் திருப்பத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சுவர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் பத்து ரேஸில் அதில்தான் மோதினேன். பன்னீர் வாசனை மட்டும் போகவில்லை. அரை மணி ஓடிச் சூடானதும் கேபினெட்டிலிருந்து கல்யாண வீட்டு வாசனை வரும். அத்தை ஒரு பொங்கலுக்கு வந்து, "இது இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தவர், நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. எதிரில் வருகிற எல்லா வண்டியையும் இடிப்பதுதான் விளையாட்டு என்று நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

நான் வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டார். "ஓடாம கெடந்தது, எடத்த அடைச்சிகினு" என்றார். கிராஃபிக்ஸ் கார்டையாவது எடுத்து வைத்திருக்கலாம். அதைச் சொன்னால் அம்மா, "நல்ல குடம், இன்னும் ஒழுகல" என்பார். நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது.

மாமா பதினெட்டு வருடம் அங்கே இருந்தார். நடுநடுவே லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டார், புத்தலப்பட்டு பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினார். இப்போது முழங்கால் வலியோடு திரும்பி வந்துவிட்டார். யாரைப் பார்த்தாலும் என்னைக் காட்டி, "இவளுக்கு மொத கம்ப்யூட்டரு நான் வாங்கித் தந்தது. சரியா அழுத்தாம உட்டுட்டா, நான் கடக்காரன அடிக்கப் போயிட்டன்" என்று சொல்வார். நானும் உடன் சிரிப்பேன். பெங்களூரில் வரிசை வரிசையாக சர்வர்கள் நிற்கும் அறையில் எனக்கு வேலை. புது ஆள் சேர்ந்தால் முதலில் சொல்வது, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார் என்பதுதான். ஏன் என்று சொன்னதில்லை.

போன தை மாதம் சித்தூரில் அம்மாவுக்கும் நைனாவுக்கும் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அத்தை மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் பார்க்கட்டும் என்று என் லேப்டாப்பைத் திறந்து ஹோமத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தேன். ஐயர் அட்சதைத் தட்டை நீட்டினார். முதல் கை மாமா எடுக்க வேண்டும் என்றார்கள்.

மாமா அரிசியைக் கையில் அள்ளினார். போடவில்லை. நொண்டிக்கொண்டே ஸ்டூல் பக்கம் போனார். தோளிலிருந்த துண்டை இன்னொரு கையால் உருவி, லேப்டாப்பின் கீபோர்டு மேல் விரித்தார். திரையை மறைக்காமல், ஓரங்களை இழுத்துவிட்டு, நன்றாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

அருகில் போனேன். "மாமா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத லீவுலயே. அந்த சார பாத்து மன்னிப்பு கேக்கப் போனேன். பொட்லத்த எடுத்துக் காட்னாரு. டிராயர்ல வெச்சிகினு இருந்தாரு."

"அப்ப ஏன் இத்தன வருசமா நான் அழுத்தலன்னு சொல்லிகினு இருந்தீங்க?"

"நீதான அப்படி சொன்ன." ஏதோ வெளிப்படையான விஷயத்தைக் கேட்டதுபோலப் பார்த்தார். "குனி, தலைய காட்டு. ஐயரு பாத்துகினு கீறாரு."

குனிந்தேன். அரிசி தலையில் பட்டது, தோளில் பட்டது, துண்டின் மேல் சிதறியது. நான் எண்ணவில்லை.